பழைய பொயிலரைக் கழட்ட முதல்: ஹரோவில இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி: வணக்கம் அண்ணை. லண்டன் ஹரோவில 1930களில கட்டின செமி வீடு எங்கட. நான், மனுசி, ரெண்டு பிள்ளையள், அப்பா அம்மா எண்டு ஆறு பேர். குசினிக்குள்ள நிலத்தில நிக்கிற பொற்றர்ரன் கிங்ஃபிஷர் பொயிலர், நாங்கள் வீடு வாங்கேக்கயே அது பழசு. மேல கபேட்டுக்க செம்புச் சுடுதண்ணிச் சிலிண்டர், கூரைக்குள்ள லொஃப்ற்றில ரெண்டு தண்ணி டாங்கி. ஒரு கொம்பனிக்காரர் வந்து பாத்திட்டு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு 40 கிலோவாட் கொம்பி (சிலிண்டர், டாங்கி இல்லாமல் தண்ணியையும் தானே சுடவைக்கிற பொயிலர்) போடுவம், 4200 பவுண்ஸ் எண்டுட்டுப் போயினம். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் 1800 காசாத் தாங்கோ நான் செய்து தாறன் எண்டுறார், அவருக்கு காஸ் சேஃப் (காஸ் வேலைக்கான பதிவு) இல்லை, ஆனா வேலை தெரியும். மகன் ஹீற் பம்ப் (காஸ் இல்லாமல், வெளியில இருக்கிற சூட்டைக் கரண்டால இழுத்து வீட்டைச் சூடாக்கிற மெசின்) போடுங்கோ எண்டு நிக்கிறான். வாற வருசம் லொஃப்ற் கட்டி அதுக்குள்ள இன்னொரு பாத்றூம் எடுக்கிற பிளானும் இருக்கு. இப்பவே மாத்துறதோ, பழுதாகுமட்டும் வச்சிருக்கிறதோ? இந்தக் குளிருக்கு குசினிச் சுவரில இருந்த காத்து ஓட்டையை மட்டை வச்சு அடைச்சும் பாத்தம், எண்டாலும் பில் குறையேல்லை. அதோட அம்மா சமைக்கேக்க தலையிடிக்குது எண்டு சொல்லுறா, வயசாலயோ தெரியேல்லை.

பதில்: தம்பி, கொம்பியோ சிலிண்டரோ எண்ட கதைக்குப் பிறகு வாறன். முதல் அந்த மட்டையை எடுங்கோ. எடுத்துப்போட்டு பொயிலரை நிப்பாட்டுங்கோ, ஜன்னலைத் திறந்து விடுங்கோ, 0800 111 999க்கு அடியுங்கோ. அது காஸ் எமேர்ஜென்சி நம்பர், 24 மணித்தியாலமும் இருக்கும், காசில்லை. அம்மாவுக்குத் தலையிடி எண்டதையும் பொயிலர் பழசு எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ.

ஏன் இப்பிடிப் பதறுறன் எண்டால், சுவரில பொயிலருக்கெண்டு நிரந்தரமா ஒரு ஓட்டை விட்டிருக்கினம் எண்டால், உங்கட பொயிலர் பெரும்பாலும் குசினிக்குள்ள இருக்கிற காத்தையே எடுத்து எரிச்சு, புகையை புகைக்கூட்டுக்கால மேல விடுற வகையாத்தான் இருக்கும். அந்த ஓட்டை குளிருக்கு வச்ச பிழையில்லை, பொயிலர் மூச்சு விடுறதே அதாலதான். அதை அடைச்சா காஸ் அரைகுறையா எரியும், கார்பன் மொனொக்சைட் எண்ட நச்சுக் காத்து வரும். இனி அம்மா மீன் பொரிக்கேக்க என்ன செய்வா, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானை முழு ஸ்பீட்டில போடுவா, குசினிக் கதவையும் சாத்துவா, மணம் வீட்டுக்க போகக்கூடாது எண்டு. ஃபான் காத்தை வெளியில இழுக்குது, உள்ள வாறதுக்கு வேற வழியில்லை, அப்ப எங்கால இழுக்கும்? புகைக்கூட்டுக்கால மேல போகவேண்டிய புகையை திருப்பி குசினிக்கையே இழுத்துக்கொண்டு வரும். எங்கட ஆக்களிட வீடுகளில இது ரெண்டும் ஒண்டா நடக்கிறது கனக்க, ஏனெண்டால் நாங்கள் சமைக்கிற சமையலுக்கு ஃபான் மணிக்கணக்கா ஓடும்.

கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தலையிடி, தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி, ஒரே களைப்பு, வெளியில கொஞ்சம் நடந்திட்டு வந்தா மாறுற மாதிரி இருக்கும், இதெல்லாம் அடையாளம். அம்மாவுக்கு இதில ஒண்டு ரெண்டு பொருந்துது எண்டால் சும்மா பனடோல் குடுத்துக்கொண்டு இராமல் இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டி இதைத்தான் சந்தேகப்படுறம் எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ, ஏனெண்டால் நேரம் போகப்போக அது ரத்தத்தில இருந்து இறங்கிப் போயிடும், பேந்து ரெஸ்ற் எடுத்தாலும் பிடிபடாது. அதோட ஒரு சிஓ (கார்பன் மொனொக்சைட்) அலாமும் வாங்கி வையுங்கோ, பெட்டியில பிஎஸ் ஈஎன் 50291 எண்டு இருக்கோணும், பொயிலரில இருந்து ஒண்டு தொடக்கம் மூண்டு மீற்றர் தள்ளி. ஸ்மோக் அலாம் இதுக்குக் கத்தாது. பொயிலர் பெட்டியில மண்ணிறமா, கறுப்பா கறை பிடிச்சிருக்கோ, நெருப்பு நீலமா இல்லாமல் மஞ்சளா சோம்பி எரிஞ்சதோ எண்டதையும் வாற இன்ஜினியருக்குச் சொல்லுங்கோ.

இதால உங்கட முதல் கேள்விக்கும் பதில் வந்திட்டுது. பழுதாகுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிற கட்டம் தாண்டிட்டுது. எமேர்ஜென்சிக்காரர் வந்து போன பிறகு ஒரு காஸ் சேஃப் இன்ஜினியர் ஓட்டையைப் பாத்து, சேர்விஸ் செய்து, ஃபானை ஓட விட்டே புகை திரும்பி வருதோ எண்டு ரெஸ்ற் பண்ணி ஓம் எண்டு சொன்னால், ஒரு சில மாசம் ஓட்டலாம். அதுக்கு மேல அந்தப் பொயிலரில காசு செலவழிக்கிறது வீண். இந்தக் காலத்துப் பொயிலர் எல்லாம் மூடின பெட்டி, வெளியில இருந்தே காத்தை எடுத்து வெளியிலயே விடும், குசினிக் காத்தோட அதுக்கு ஒரு சோலியும் இல்லை. பில்லை விட இந்த ஒண்டுக்காகவே நான் மாத்தச் சொல்லுவன்.

பில்லையும் சொல்லிவிடுறன். உந்த வார்ப்பு இரும்புப் பொயிலர் நல்லா இருந்த காலத்திலயே 65, 70 வீதம்தான் வேலைக்கு வாறது. 100 பவுண்ஸுக்கு காஸ் எரிச்சா 30, 35 பவுண்ஸ் புகைக்கூட்டால போகுது, அதோட பைலற் எண்ட அணையாத சின்ன நெருப்பு கோடையிலயும் விடிய விடிய எரியும். புதுசு 90க்குக் கிட்ட வரும், வடிவா செற் பண்ணினால். அதே சூட்டுக்கு 100 பவுண்ஸ் காஸ் எரிச்ச இடத்தில 72, 78 போதும். பில் அரைவாசியாகும் எண்டு ஆரும் சொன்னால் விக்கிறதுக்குச் சொல்லுறது.

இப்ப கொம்பி. லண்டனில ஆரைக் கேட்டாலும் கொம்பி போடுங்கோ எண்டுதான் சொல்லுவினம், ஏனெண்டால் பூட்டுறவருக்கு அது லேசு. ரெண்டு பேர் இருக்கிற ஃபிளாட்டுக்கு நானும் கண்ணை மூடிக்கொண்டு கொம்பிதான் சொல்லுவன். ஆனா உங்களுக்கு ஆறு பேர், காலமை ஏழு மணிக்கு பள்ளிக்கூடம், வேலை, அப்பா தலைக்குத் தண்ணி வார்க்கிற வெள்ளிக்கிழமை, இதோட வாற வருசம் ரெண்டாவது பாத்றூம் வேற.

கொம்பியில சுடுதண்ணி சேத்து வைக்கிறது எண்ட கதையே இல்லை, பைப்பைத் திறக்கேக்கதான் தண்ணி சுடும். மாரியில மெயின் தண்ணி நல்லாக் குளிர்ந்து வரும், அதை ஒரு 35 டிகிரி ஏத்தினாத்தான் குளிக்கலாம். 30 கிலோவாட் கொம்பி அப்பிடி ஏத்தித் தாறது நிமிசத்துக்கு 12 லீற்றர் அளவில, 40 கிலோவாட் எண்டால் 16. நல்ல ஷவர் ஒண்டு எட்டு, பத்து லீற்றர் கேக்கும். ரெண்டு ஷவர் ஓடேக்க கீழ அம்மா குசினியில பைப்பைத் திறந்தா ஆரோ ஒராள் மேல இருந்து கத்தப்போறார். அதை விடப் பெரிய விசயம், உங்கட ரோட்டுப் பைப்பில இருந்து வீட்டுக்கு நிமிசத்துக்கு 12 லீற்றர்தான் வருது எண்டால் 40 இல்லை, 100 கிலோவாட் போட்டாலும் 12 லீற்றர்தான் வரும். வந்து பாத்த கொம்பனி தண்ணி அளந்ததோ? நீங்கள் அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை, அளக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன். காசில்லாத வேலை அது. 10 லீற்றர் வாளியைக் குசினிப் பைப்புக்குக் கீழ பிடிச்சு, பச்சைத்தண்ணியை முழுக்கத் திறந்து, எத்தினை செக்கனில நிரம்புது எண்டு பாருங்கோ. 30 செக்கன் எண்டால் நிமிசத்துக்கு 20 லீற்றர், நல்லம். ஒரு நிமிசம் எடுக்குது எண்டால் பொயிலர் பற்றிக் கதைக்க முதல் தண்ணிப் பைப்பைப் பற்றித்தான் கதைக்கோணும். 1930 வீடுகளில ரோட்டில இருந்து வாற பைப் சில இடத்தில இன்னும் பழைய ஈயப் பைப், பக்கத்து வீட்டோட சேந்தும் இருக்கும். வாளியைக் காலமை ஏழு மணிக்குப் பிடியுங்கோ, மத்தியானம் இல்லை, காலமைதான் ரோட்டு முழுக்கக் குளிக்கும்.

நான் உங்கட வீட்டுக்குச் சொல்லுறது சிலிண்டரை விடாதேங்கோ. சிஸ்டம் பொயிலர் எண்டு கேளுங்கோ, அது ஹீற்றிங்கையும் சிலிண்டரையும் சூடாக்கும், தண்ணி சிலிண்டரில நிண்டு கொண்டு ரெண்டு பாத்றூமுக்கும் ஒரே நேரத்தில போகும். சிலிண்டரில ஒரு இமெர்சன் ஹீற்றரும் இருக்கும், கிறிஸ்மஸ் அண்டு பொயிலர் பழுதானாலும் கரண்டில தண்ணி சுடவைக்கலாம். கொம்பி படுத்தா ஆறு பேரும் கேத்தில்தான்.

லொஃப்ற் விசயத்தையும் இதோட சேத்துப் பாருங்கோ. லொஃப்ற்றை அறையாக்கினால் அங்க இருக்கிற டாங்கியளுக்கு இடமில்லை, அதோட டாங்கித் தண்ணி இறங்கிற உயரத்தாலதான் அமுக்கம் வாறது, ஒரு மீற்றருக்கு 0.1 பார் தான், அப்ப டாங்கி இருக்கிற அதே மட்டத்தில ஷவர் வச்சா சொட்டுச் சொட்டாத்தான் விழும். ஆகவே லொஃப்ற் எடுக்கேக்க மெயின் அமுக்கத்தில வேலைசெய்யிற, டாங்கி தேவைப்படாத அன்வென்ரட் சிலிண்டர்தான் வரோணும், 210, 250 லீற்றர் அளவில. ஆனா அதை இண்டைக்கே செய்யத் தேவையில்லை. இப்ப சிஸ்டம் பொயிலரை மட்டும் பூட்டி இருக்கிற செம்புச் சிலிண்டரோட இணையுங்கோ, அதுக்குள்ள இருக்கிற சுருள் பைப் புது அமுக்கத்தைத் தாங்குமோ எண்டதைப் பாக்கச் சொல்லி. லொஃப்ற் கட்டேக்க எப்பிடியும் நிலம், சுவர் எல்லாம் உடைபடும், அப்ப சிலிண்டரையும் பைப்பையும் மாத்தினால் ஒரே உடைப்பில முடியும். அன்வென்ரட் பூட்டுறவருக்கு ஜி3 எண்டு தனித் தகுதி வேணும், காஸ் சேஃப் மட்டும் காணாது. மொத்தமாப் பாத்தால் கொம்பியை விட ஒரு ரெண்டாயிரம் கூட வரலாம், அதை ஒளிக்கேல்லை.

மனுசிக்கு ஒண்டு சொல்லிவையுங்கோ. புதுச் சிலிண்டரைச் சுத்தி தடிப்பா ஃபோம், வெளியில தொட்டால் சூடே தெரியாது. அந்தக் கபேட்டுக்க வைக்கிற தோசை மா இனிப் புளிக்காது. இவ்வளவு காலமும் அந்த மாவைப் புளிக்க வச்சது சிலிண்டரில இருந்து வீணாப்போன காஸ் காசுதான். ஓவனுக்க லைட்டை மட்டும் போட்டு வச்சால் புளிக்கும்.

சைஸ். வீடு பெரிசு எண்டு 40 கிலோவாட் போடுறது விசர் வேலை. உங்கட மாதிரி செமி வீட்டைச் சூடாக்க நல்ல குளிர் நாளிலயே 8, 10 கிலோவாட் போதும். நம்பாட்டி நீங்களே பாருங்கோ, வெளியில பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கிற ஒரு நாள் ஹீற்றிங்கை முழுநாளும் ஓட விட்டு (இது இன்ஜினியர் வந்து பாத்து, பொயிலரைப் பாவிக்கலாம் எண்டு சொன்ன பிறகு மட்டும்), காலமை காஸ் மீற்றரை எழுதுங்கோ, அடுத்த நாள் அதே நேரம் திரும்ப எழுதுங்கோ. 30 கியூபிக் மீற்றர் போயிருக்கு எண்டு வையுங்கோ, அதை 11ஆல பெருக்கினால் 330 யூனிற் (கிலோவாட்-மணி), பழைய பொயிலர் 65 வீதம் எண்டால் வீட்டுக்கு வந்த சூடு 215 அளவில, 24ஆல பிரிச்சால் 9 கிலோவாட். முடிஞ்சுது கணக்கு. ஆகவே 15, 18 கிலோவாட் சிஸ்டம் பொயிலர் சிலிண்டரோட தாராளமாக் காணும். பெரிசாப் போட்டால் என்ன கரைச்சல் எண்டால், அது குறைச்சு எரியிறதுக்கும் ஒரு எல்லை இருக்கு, பங்குனி சித்திரையில வீட்டுக்கு மூண்டு கிலோவாட் போதும் எண்ட நேரம் அது பத்தி அணைஞ்சு பத்தி அணைஞ்சு நிக்கும், காஸும் வீண், பாட்ஸும் தேயும். 40க்கு மீற்றரில இருந்து காஸ் பைப்பையும் பெரிசாக்க வேண்டி வரலாம், அதுக்கு நிலம் கிழிக்கவும் வேண்டி வரலாம்.

பூட்ட முதல் பழைய பைப்பையும் றேடியேற்றரையும் கழுவோணும், இதில விட்டுக்குடுக்காதேங்கோ. றேடியேற்றர் ஒண்டில காத்து எடுக்கேக்க வாற தண்ணி கறுப்பா இருந்தால் அது இரும்பு கரைஞ்ச சேறு. பழைய பொயிலருக்க அகலமான வழி, அது அந்தச் சேறை விழுங்கிக்கொண்டு கிடந்தது. புதுசுக்க ஒடுங்கின வழி, அடைச்சால் போச்சு, வாரண்டியும் கிடையாது, கழுவேல்லை எண்டு கொம்பனி கையை விரிச்சிடும். கழுவி, மேக்னெற் பில்ரர் பூட்டி, துருப் பிடியாமல் தடுக்கிற இன்ஹிபிற்றர் மருந்தும் ஊத்தினதெண்டு கொட்டேசனிலயே எழுதி வாங்குங்கோ. இன்னொரு விசயம், டாங்கியோட திறந்து கிடந்த சிஸ்டத்தை மூடி ஒண்டு, ஒண்டரை பார் அமுக்கத்தில வைக்கேக்க நிலத்துக்குக் கீழ காலம் காலமா இருந்த பழைய மூட்டுகள் கசியத் தொடங்கலாம். அது இன்ஜினியரிட பிழையில்லை, ஆனா முதலே கதைச்சு வச்சால் பேந்து சண்டை வராது.

புதுப் பொயிலரில இருந்து தண்ணி வரும், பயப்படாதேங்கோ. புகையில இருக்கிற நீராவியைக் குளிரவைச்சு அந்தச் சூட்டையும் எடுக்கிறதாலதான் அது மிச்சம்பிடிக்குது, 2005 ஏப்ரலில இருந்து இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் இந்த வகைதான் போடோணும் எண்டு சட்டம். அந்தத் தண்ணி கொஞ்சம் அமிலம், பிளாஸ்ரிக் பைப்பால கானுக்கு விடுவினம். ஏலுமெண்டால் உள்ளாலயே குசினி சிங்க் பைப்போட சேக்கச் சொல்லுங்கோ. வெளியால கொண்டு போனால் 32 மில்லிமீற்றர் பைப், மேல ஃபோம் சுத்தி, எவ்வளவு கட்டையா ஏலுமோ அவ்வளவு கட்டையா. 2010 டிசம்பர் குளிருக்கு இந்த மெல்லிய பைப் உறைஞ்சு நாடு முழுக்கக் கணக்கில்லாத பொயிலர் நிண்டது. பைப் உறைஞ்சால் வெதுவெதுப்பான தண்ணி ஊத்துங்கோ, கொதிதண்ணி வேண்டாம். வெளிப்புகையும் வெள்ளையா ஆவி மாதிரி வரும், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பாத்து வச்சால் கிழமைக்கொருக்கா வந்து கதவு தட்டுவினம், அதையும் யோசிச்சு இடம் எடுங்கோ.

இதை ஆரும் உங்களுக்குச் சொல்லாயினம், ஆனா காசு மிச்சம்பிடிக்கிறது இதிலதான்: பூட்டினவர் போகேக்க ஹீற்றிங் தண்ணிச் சூடு எத்தினையில இருக்கு எண்டு கேளுங்கோ. 75, 80இல விட்டிட்டுப் போறவைதான் கூட. றேடியேற்றரைச் சுத்தித் திரும்பி வாற தண்ணி 55க்குக் கீழ இருந்தாத்தான் அந்த நீராவிச் சூடு வடிவாக் கிடைக்கும், 75இல ஓடினால் புதுப் பொயிலர் வாங்கியும் அந்தச் சூட்டில பெரும்பங்கைப் புகையோட விடுறியள். 55இல வச்சுப் பாருங்கோ, வீடு சூடாகக் காணாட்டி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்கோ, றேடியேற்றர் கையைச் சுடாது, ஆனா கனநேரம் ஓடி வீட்டை ஒரே சூட்டில வச்சிருக்கும். சிலிண்டர் தண்ணி வேற, அது கிருமி வராமல் இருக்க 60க்குக் கட்டாயம் போகோணும், ஆகவே ஹீற்றிங்குக்கு ஒரு சூடு, சிலிண்டருக்கு ஒரு சூடு எண்டு ரெண்டாப் பிரிச்சு ஓடுற மாதிரி வயரிங் செய்யச் சொல்லுங்கோ, ஹொட் வோட்டர் பிரயோரிற்றி எண்டால் விளங்கும். வெளிச் சுவரில குளிரைப் பாத்துத் தானாச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சென்சரும் கேளுங்கோ.

மகன் சொல்லுறதை ஒரேயடியா வெட்டாதேங்கோ. இங்கிலாந்து, வேல்ஸில ஹீற் பம்புக்கு அரசாங்கம் 7500 பவுண்ஸ் குடுக்குது, நல்ல சிஸ்டம் ஒரு யூனிற் கரண்டுக்கு மூண்டு யூனிற்றுக்கு மேல சூடு தரும், ஆனா கரண்ட் யூனிற் காஸை விட நாலு மடங்குக்குக் கிட்ட விலை, அதால பிழையாப் போட்டால் பில் ஏறும். நடு மாரியில வயசு போன ஆக்களை வச்சுக்கொண்டு சர்வே, றேடியேற்றர் மாத்துறது எண்டு காத்துக்கொண்டு இருக்க ஏலாது. பழைய பொயிலர் கோடைமட்டும் ஓடும் எண்டு இன்ஜினியர் சொன்னால், லொஃப்ற் வேலையோட சேத்து ஹீற் பம்ப் கொட்டேசனும் கட்டாயம் எடுத்துப் பாருங்கோ. இப்பவே பொயிலர் பூட்டவேண்டி வந்தாலும், பிறகு வாங்கிற சிலிண்டரை ஹீற் பம்புக்கும் ஏத்த பெரிய சுருள் உள்ளதா வாங்குங்கோ. சிலிண்டரை வச்சிருக்கச் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம், கொம்பி போட்டு அந்தக் கபேட்டைச் சாமியறையாக்கின வீடுகளுக்கு பேந்து ஹீற் பம்ப் வைக்க இடம் தேடுறது பெரும்பாடு.

1800க்குச் செய்து தாறன் எண்டவரை அன்பாத் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ. காஸ் சேஃப் இல்லாமல் அடுத்தவையிட வீட்டில காஸ் வேலை செய்யிறது சட்டப்படி குற்றம், வேலை தெரியுமோ தெரியாதோ எண்டது கேள்வியே இல்லை. வாறவரிட காஸ் சேஃப் அடையாள அட்டையை வாங்கி பின்பக்கத்தைப் பாருங்கோ, எந்தெந்த வேலைக்கு அனுமதி எண்டு அதில இருக்கும், சில பேருக்கு அடுப்புக்கு மட்டும்தான் இருக்கும். நம்பரை காஸ் சேஃப் வெப்சைற்றில போட்டுப் பாக்கலாம். பூட்டி முடிய அவர் அதைப் பதியோணும், உங்களுக்கு பில்டிங் ரெகுலேசன் சேர்ற்றிபிக்கற் வரும். அதைப் பத்திரமா வையுங்கோ, வீடு விக்கேக்க சொலிசிற்றர் முதல் கேக்கிறது அதைத்தான். வாரண்டியையும் ஒரு மாசத்துக்குள்ள பதிய வேண்டி இருக்கும், பூட்டினவர் பதிஞ்சாரோ எண்டு கேட்டு வையுங்கோ, ஒவ்வொரு வருசமும் சேர்விஸ் செய்யாட்டி பத்து வருச வாரண்டியும் செல்லாது.

கொட்டேசன் மூண்டு எடுங்கோ. ஒவ்வொரு அறையா அளந்து, றேடியேற்றரை எண்ணி, தண்ணியையும் காஸ் பைப்பையும் பாத்து எழுதுறவர் ஆரோ அவரைப் பிடியுங்கோ, ஐம்பது அறுபது பவுண்ஸ் குறையுது எண்டு மற்றவரிட்டப் போகாதேங்கோ. பழைய பொயிலரிட புகைப் பைப்பிலயும் சீலிலயும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும், அதைக் கழட்டி அகற்றுறதும், புகைக்கூட்டை மூடுறதும் அந்த விலைக்குள்ள வருதோ எண்டும் கேளுங்கோ.

வாளிக் கணக்கையும் மீற்றர் கணக்கையும் எடுத்து எனக்கு எழுதுங்கோ, எந்த சைஸ் எண்டு சரியாச் சொல்லுறன். ஆனா அது ஆறுதலா நடக்கட்டும், காஸ் எமேர்ஜென்சிக்கு அடிக்கிறதும் அம்மாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறதும் இண்டைக்கு.